மாமா வழித்து எறிந்த பூசணம்

இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டீயைப் போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள். அந்த டீக்கும் இந்தக் கதையில் வேலை இருக்கிறது.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். 1990-களில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். இப்போது டேனரிக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிறான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். "டீச்சர், பட்டைத் தண்ணியைப் பூஞ்சை தின்னுமாமே, இத்தாலியில செஞ்சு பார்த்திருக்காங்க. படிச்சதும் உங்க மாமா கதைதான் ஞாபகம் வந்துச்சு" என்றான். வகுப்பில் எதற்கோ சொன்ன கதை முப்பது வருஷம் கழித்துத் திரும்பி வந்தது. வாய்ப்பாட்டை மறந்துவிடுகிறார்கள், கதையை மறப்பதில்லை! போனை வைத்த பிறகு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தெரிந்ததையும், தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

மாமா கதை தெரியாதவர்களுக்காக முதலில் அது. 1968 பக்கம், எனக்கு ஒன்பது வயது இருக்கும். வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் நடுவில் எங்கள் ஊர். தாய்மாமா பாலாற்றங்கரையோரம் ஒரு டேனரியில் வேலை பார்த்தார். லீவு நாளில் தூக்கில் சோறு எடுத்துக்கொண்டு நான்தான் போவேன். அங்கே வரிசையாகத் தொட்டிகள். முதலில் சுண்ணாம்புத் தொட்டி, முடி கழன்று வர. அப்புறம் பட்டைத் தொட்டி. ஆவாரம் பட்டையை இடித்துப் போட்டு ஊற வைத்த தண்ணீரில் தோல் நாள்கணக்கில் கிடக்கும். கடைசியில் கடுக்காய்த் தண்ணீர், தோலுக்கு நல்ல வெளிர் நிறம் வர. அதன் பிறகு எண்ணெய் தடவிக் காய வைப்பார்கள். இப்படிப் பதம் செய்த தோலுக்கு வெளிநாட்டுச் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று பெயர். நூறு வருஷத்துக்கும் மேலாக நம் பக்கத்திலிருந்து கப்பலேறிய சரக்கு அது. ஆவாரைக்கு இங்கிலீஷ்காரன் வைத்த பெயரே 'தோல் பதனிடுபவரின் செடி' என்ற பொருளில்தான் இருக்கிறது. நமக்கு அது பொங்கலுக்குக் கட்டுகிற பூ.

மழைக்காலத்தில் நாலு நாள் கிளறாமல் விட்டால் தொட்டியின் மேல் பாலாடை மாதிரி ஒன்று படரும். முதலில் வெள்ளை. அப்புறம் அதன்மேல் கரித்தூள் தூவினாற்போல் கருப்பு. கடுக்காய்த் தொட்டியில் இன்னும் அதிகம். அந்தப் பூசணத்தை மூங்கில் கழியில் கட்டிய பலகையால் வழித்து வெளியே எறிவது மாமாவின் வேலைகளில் ஒன்று. ஒருநாள் அவர் சாப்பிட உட்கார்ந்த நேரம் மேஸ்திரி வந்து, "பூசணம் பட்டைச் சத்தெல்லாம் தின்னுது, நீ சோறு தின்னுறியா?" என்று கத்தினார். மாமா தூக்கை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார். எனக்கு அந்த மேஸ்திரி மேல் வெகுநாள் கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அவர் சொன்ன வேதியியல் நூற்றுக்கு நூறு சரி.

அந்தத் தொட்டிகளில் இறங்கியவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் தெருதான்.

பட்டைச் சத்து என்று அவர் சொன்னது டானின். தமிழில் அதற்கு அருமையான பெயர் ஏற்கெனவே இருக்கிறது: துவர். வாழைக்காய், மாவடு, நெல்லி, கடுக்காய், பாக்கு, டீ டிகாக்‌ஷன் எல்லாவற்றிலும் நாக்கை இழுத்துப் பிடிப்பது அதுதான். உண்மையில் அது நாக்கைப் பிடிப்பதில்லை. எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக் கட்டிவிடுகிறது, அதனால் வாய் வறண்டாற்போல் ஆகிறது. டீயில் பால் ஊற்றியதும் துவர்ப்பு குறைகிறதே, பாலின் புரதம் முந்திக்கொண்டு போய் மாட்டிக்கொள்வதால்தான். (டீக்கும் வேலை இருக்கிறது என்றேனா இல்லையா!)

தோல் என்பதும் புரதம். துவர் அதனுள் புகுந்து புரத இழைகளைக் கட்டிவிட்டால், அழுக வைக்கும் பாக்டீரியாவால் அதைப் பிரிக்க முடியாது. பச்சைத் தோல் நாலு நாளில் நாறிவிடும், பதனிட்ட செருப்பு நாலு வருஷம் உழைக்கும். இவ்வளவுதான் இந்தத் தொழிலின் ரகசியம்.

ஆனால் தோலை அழுக விடாமல் காத்த அதே துவர் தொட்டியிலிருந்து வாய்க்காலுக்குப் போனால் என்ன ஆகும்? அங்கேயும் அதே வேலையைத்தான் செய்யும். ஆற்றுத் தண்ணீரில் கழிவைத் தின்று சுத்தம் செய்யும் பாக்டீரியாக்களுக்கும் நொதிகள் வேண்டும், நொதிகளும் புரதம். துவர் அவற்றையும் கட்டிப்போடும். தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்திலேயே கிடக்கும், வெளிச்சம் உள்ளே இறங்காது. நம் பெரியவர்கள் சிலர், "அந்தக் காலத்துப் பட்டைத் தண்ணி ஒண்ணும் பண்ணாது, குரோம் வந்தப்புறம்தான் கெட்டுது" என்பார்கள். மாமாவும் அப்படித்தான் சொல்வார். அது முழு உண்மை இல்லை. தொட்டிகள் குறைவு, ஆற்றில் தண்ணீர் அதிகம். அதனால் தெரியவில்லை.

இப்போது பூசணத்துக்கு வருகிறேன். பாக்டீரியாவை முடக்குகிற துவரின் மேலேயே ஒரு பூஞ்சை எப்படிப் பாலாடையாகப் படர்ந்தது? இந்தக் கேள்வியின் வரலாறு ஐரோப்பாவில் தொடங்குகிறது, அதுவும் தோலில் இல்லை, மையில்.

அங்கே எழுதும் மையை, ஓக் மரத்தில் பூச்சி கடித்து வரும் காய் போன்ற வீக்கத்திலிருந்து செய்தார்கள். அதைத் தட்டித் தண்ணீரில் ஊற வைத்து அன்னபேதி சேர்ப்பார்கள். நம் கடுக்காய் மையும் இதே வகைதான். ஐந்தாம் வகுப்பில் நாம் செய்து பார்த்தோமே, கடுக்காய்த் தண்ணீரில் அன்னபேதி போட்டதும் கருத்ததே, ஞாபகம் இருக்கிறதா? சட்டையில் கொட்டிக்கொண்டவர்களுக்குக் கட்டாயம் ஞாபகம் இருக்கும். அவர்களின் பழைய மை முறைகள் சிலவற்றில், ஊறலை வாரக்கணக்கில் பூசணம் பிடிக்க விடுவார்கள். அப்படி விட்டால் மை நன்றாகக் கருக்கும். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது.

1786-ல் ஷீலே என்ற ஸ்வீடன் நாட்டு மருந்துக்கடைக்காரர் அதே ஊறலைப் பூசணம் பிடிக்க விட்டு, அடியில் தங்கிய படிகத்தைப் பிரித்தார். அதுதான் காலிக் அமிலம். ஆக்சிஜனைக் கண்டறிந்தவர்களில் ஒருவராக நாம் படித்த அதே ஷீலே. டானின் காலிக் அமிலமாக மாறுகிறது என்பது தெரிந்தது, யார் மாற்றுகிறார்கள் என்பதில் பல பத்தாண்டுகள் சண்டை. காற்று மாற்றுகிறது என்றனர் சிலர். காயிலேயே இருக்கும் ஏதோ ஒன்று என்றனர் வேறு சிலர். மேலே மிதந்த பூசணத்தை அழுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். கண்ணுக்கு முன்னால் இருப்பதைக் காண்பதுதான் கஷ்டம் போலிருக்கிறது.

1867-ல் ஃபிலிப் வான் டீகெம் என்ற பிரெஞ்சுக்காரர் அதை முடித்து வைத்தார். பாஸ்டரின் மாணவர். குருவிடம் கற்ற வழியிலேயே போனார். பூசண வித்து உள்ளே போகாமல் தடுத்து வைத்த ஊறல் அப்படியே கிடந்தது. காற்று இல்லாமல் வைத்ததும் அப்படியே கிடந்தது. வித்தும் காற்றும் சேர்ந்தால்தான் டானின் மாறியது. அந்த வேலையைச் செய்த இரண்டு பூஞ்சைகளில் ஒன்று கருப்புத் தூள் போல வித்து விடுவது. இன்று உலகம் முழுவதும் வழங்கும் அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பெயர் அதே 1867-ல் அதே வான் டீகெம் வைத்ததுதான். 'நைஜர்' என்றால் லத்தீனில் கருப்பு. இதைப் படித்ததும் எனக்கு மாமாவின் தொட்டிமேல் இருந்த கரித்தூள் கண்முன் வந்துவிட்டது. மாமா தொட்டியில் இருந்ததும் அதே பூஞ்சை என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் பழக்கமெல்லாம் அதன் பழக்கம்தான்.

அது எப்படித் தின்கிறது? பூஞ்சைக்கு வாய் கிடையாது. உடம்புக்கு வெளியே நொதியைச் சுரந்து, உணவை அங்கேயே உடைத்து உறிஞ்சிக்கொள்ளும். டானினை உடைக்கும் நொதிக்கு டானேஸ் என்று பெயர். டானினைக் கண்டால்தான் அதைச் சுரக்கும், வெறும் சர்க்கரையைக் கொடுத்தால் சும்மா இருக்கும். டானேஸ் டானினை வெட்டினால் ஒரு பக்கம் காலிக் அமிலம், இன்னொரு பக்கம் குளுக்கோஸ். சர்க்கரை அதற்குச் சாப்பாடு, காலிக் அமிலத்தையும் மெல்லத் தின்றுவிடும். 1913-ல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன் என்பவர் பல பூஞ்சைகளைத் துவர்த் தண்ணீரில் வளர்த்துப் பார்த்தார். பெரும்பாலானவற்றுக்கு அது விஷம். அஸ்பெர்ஜில்லஸ் நைஜரும் இன்னொன்றும் அதையே உணவாக வைத்து வளர்ந்தன. (இதே நட்சன்தான் பின்னாளில் ஆர்க்கிட் விதையைக் கண்ணாடிக் குழாயில் முளைக்க வைத்துப் பெயர் வாங்கியவர்.)

ஆக, 1913-க்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த அறிவை அப்போது எதற்குப் பயன்படுத்தினார்கள்? மை செய்ய, சாயம் செய்ய, மருந்துக்குக் காலிக் அமிலம் எடுக்க. பிற்காலத்தில் குளிர்ந்த தண்ணீரிலும் கரையும் டீத்தூள் செய்யக்கூட டானேஸ் வந்தது. டேனரிகளைப் பொறுத்தவரை பூஞ்சை ஒரு திருடன், அவ்வளவுதான். அதை வழித்து எறிய ஆள் வைத்தார்கள், கொல்ல மருந்து போட்டார்கள். தொட்டிக்குள் இருக்கும்வரை டானின் முதலாளியின் காசு. தொட்டியை விட்டு வெளியே ஓடிய பிறகு அது யாருடைய காசும் இல்லை, யாருடைய கவலையும் இல்லை. திருடனை வாய்க்காலுக்கு அனுப்பி வைக்கலாமே என்று யோசிக்க யாருக்கும் அவசியம் வரவில்லை.

அவசியம் எப்படி வந்தது என்பது நம் ஊர்க்கதை. 1972-ல் சீதாராமையா குழு, பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தச் சொன்னது. இங்கேயே முழுதாகப் பதனிட்டு, செருப்பாகவும் சட்டையாகவும் அனுப்பினால் நாட்டுக்கு லாபம் என்பது கணக்கு. கணக்கு தப்பில்லை. வேலை பெருகியது, எங்கள் தெருவிலும் மாடி வீடு வந்தது. கூடவே குரோம் பதனிடுதலும் பெருகியது. நாள்கணக்கில் ஆன வேலை மணிக்கணக்கில் முடிந்தது. பட்டை போய்விடவில்லை. குரோம் தோலுக்கும் கடைசியில் தடிமனும் பிடிப்பும் வர வாட்டில் மரப்பட்டைச் சாறு கொடுப்பார்கள். துவரோடு குரோமியம், சல்ஃபைடு, உப்பு எல்லாம் சேர்ந்து ஒரே வாய்க்காலில் ஓடின.

1991-ல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 28-8-1996 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. டேனரிப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு சொன்னதை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போனதையும் சொல்கிறது. கெடுத்தவர் செலவு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்திய நீதிமன்றத்தில் ஊன்றி நிறுத்திய தீர்ப்புகளில் இது முக்கியமானது. சட்டம் படிக்கும் பிள்ளைகள் டில்லியிலும் இதைப் படிக்கிறார்கள். என் வகுப்பிலோ, அந்த வருஷம், குடிதண்ணீர் லாரி வரும் நாளில் பாதிப் பிள்ளைகள் வர மாட்டார்கள். குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்று எழுதும்போதெல்லாம் கை கூசும்.

அதன் பிறகுதான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் முழுமூச்சாக ஓட ஆரம்பித்தன. அங்கே பெரும் வேலை செய்வது பாக்டீரியாதான். கொழுப்பு, புரதம் எல்லாம் தின்றுவிடும். துவரிடம் வரும்போது திணறும். மிச்சத்தை ரசாயனம் போட்டுத் திரித்து அடியில் படிய வைக்கலாம். ஆனால் அப்போது அது மறைவதில்லை, சேறாக மாறுகிறது, அவ்வளவே. அந்தச் சேற்றை எங்கே வைப்பது? 2015 ஜனவரிக் கடைசியில் ஒரு நள்ளிரவு, ராணிப்பேட்டையில் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்து 10 தொழிலாளர்கள் தூக்கத்திலேயே செத்துப்போனார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த பிள்ளைகள். சேறு குறைந்தால் நல்லது என்று நான் சொல்வதன் அர்த்தம் இதுதான். துவரைப் படிய வைக்காமல், தின்னவைத்துக் காற்றோடு கரியமில வாயுவாக அனுப்ப முடிந்தால் அவ்வளவு சேறு குறையும்.

இங்கேதான் பழைய திருடன் திரும்பி வருகிறான். நம் நாட்டு ஆய்வகங்களிலேயே, டேனரி மண்ணிலிருந்து அஸ்பெர்ஜில்லஸைப் பிரித்தெடுத்துத் துவர்த் தண்ணீரில் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரு சிக்கல் உண்டு. கடுக்காய் டானின் எளிதில் உடையும் வகை, டானேஸ் போதும். ஆவாரை, வாட்டில், தென் அமெரிக்காவின் கெப்ராச்சோ மரம் இவற்றின் டானின் கெட்டிப் பிணைப்பு, டானேஸ் கத்தி அங்கே அவ்வளவாக ஏறாது. அதற்கு மரத்தை அழுக வைக்கும் பூஞ்சைகளிடம் போனார்கள். மரத்துக்குக் கெட்டித்தன்மை கொடுக்கும் லிக்னினையே அரிக்கும் நொதியை 1983-ல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக அடையாளம் கண்டன. வெள்ளை அழுகல் பூஞ்சை என்பார்கள். மரத்தையே தின்பதற்குத் துவர் எம்மாத்திரம் என்று சாயத் தண்ணீர், டேனரித் தண்ணீர் எல்லாவற்றிலும் அதை விட்டுப் பார்த்தார்கள்.

என் மாணவன் சொன்ன இத்தாலிக் கதை, டஸ்கனி மாநிலத்தில் ஆர்னோ ஆற்றையொட்டிய சாந்தா குரோச்சே பகுதியுடையது. அவர்களின் வாணியம்பாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றும் பட்டைச் சாற்றால் பதனிடுவதற்குப் பேர்போன இடம். அங்கே கெப்ராச்சோத் துவரைத் தின்னும் பூஞ்சையைத் தேடியபோது நன்றாக வேலை செய்தது அஸ்பெர்ஜில்லஸ் டியூபிஞ்சென்சிஸ். நைஜருக்குப் பங்காளி, அதுவும் கருப்புதான். அதைப் பஞ்சு போன்ற சின்னச் சின்னக் கட்டிகளில் வளரவிட்டு, சுழலும் தொட்டியில் கழிவுநீரோடு மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்தார்கள். பெரிய தலைவலி பாக்டீரியா. ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவையைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யலாம், ஆற்றளவு கழிவுநீரைக் கொதிக்க வைக்க முடியுமா? திறந்த தண்ணீரில் பாக்டீரியா வேகமாகப் பெருகிப் பூஞ்சையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் தண்ணீரைக் கொஞ்சம் புளிப்பாக வைத்துப் பூஞ்சைக்குச் சாதகம் செய்ய வேண்டியிருக்கிறது. ஐந்து பெஞ்சுக்கு ஒரு சண்டைக்காரனை வைத்துக்கொண்டு பாடம் நடத்துவது மாதிரிதான்.

இதைப் படித்துவிட்டு 'பாலாற்றைச் சுத்தம் செய்யும் அதிசயக் காளான்' என்று யாரும் குடும்ப குரூப்பில் ஃபார்வர்டு செய்யாதீர்கள், தயவுசெய்து. பூஞ்சை துவரைத் தின்னும். உப்பைத் தின்னாது. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு உப்புப் போடுகிறார்கள், நம் கிணறுகளைக் கெடுத்ததில் பெரும்பங்கு அந்த உப்புக்கு. குரோமியத்தையும் தின்னாது, சில பூஞ்சைகள் உடம்பில் ஒட்டவைத்துக்கொள்ளும். அப்போது அந்தப் பூஞ்சையையே பத்திரமாக அப்புறப்படுத்த வேண்டும். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பாலாறு பற்றி மறுபடி ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்ததே, 1996 தீர்ப்பு முடித்துவைக்காத வேலை எவ்வளவு என்று அதிலேயே தெரிகிறது. அந்த வேலையில் ஒரு மூலை பூஞ்சையுடையது. மூலைதான். ஆனாலும் அந்த மூலைக்கு வேறு ஆள் இல்லை.

மாமா 1989-ல் இறந்தார். கடைசிவரை விரல் நகங்கள் பழுப்பாகவே இருந்தன. இரும்புக் கம்பியைத் தொட்டுவிட்டுக் கை கழுவினால் கறுப்பாக மாறும் என்று எங்களுக்கு வேடிக்கை காட்டுவார். அதுவும் கடுக்காய் மைக் கணக்குதான் என்று பயிற்சிப் பள்ளியில் படித்த பிறகு போய்ச் சொன்னேன். "அப்போ என் கையே மைக்கூடுன்னு சொல்லு" என்றார். அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும்.

மாணவனிடம் ஒன்று கேட்டிருக்கிறேன். இரண்டு கண்ணாடி ஜாடியில் கடுக்காய்த் தண்ணீர் எடுத்து, ஒன்றை மூடிவைத்து, ஒன்றைப் பூசணம் பிடிக்கத் திறந்துவைத்து, வாரம் ஒரு படம் அனுப்பச் சொல்லி. வந்ததும் போடுகிறேன். உங்களில் யார் வீட்டிலாவது பழைய பட்டைத் தொட்டிகளின் போட்டோ இருந்தால் கீழே போடுங்கள். தொட்டி ஓரத்தில் நீளக் கழியோடு ஒருவர் நிற்கிற மாதிரி இருந்தால் எனக்குத் தனியாகவும் அனுப்புங்கள், எங்கள் வீட்டில் மாமா படம் ஒன்றுகூட இல்லை.